சதுப்பில் கிடந்த பி-17: 1/72 அளவில் ஒரு டயோரமா, ஒரு நிகழ்வு ஆய்வு

1942 பிப்ரவரி 23 அன்று, ஜப்பானியர் பிடித்து வைத்திருந்த ரபவுல் துறைமுகத்தின் மேல் குண்டு வீசிவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்த ஓர் அமெரிக்க பி-17இ குண்டுவீச்சு விமானத்துக்கு எரிபொருள் போதவில்லை. விமானி பிரெட் ஈட்டன் இன்றைய பப்புவா நியூகினியின் ஓரோ மாகாணத்தில் பச்சைப்பசேலென்று தெரிந்த ஒரு புல்வெளியில், சக்கரங்களை இறக்காமல் வயிற்றை வைத்தே விமானத்தை இறக்கினார். இறங்கிய பிறகுதான் அது அகாயம்போ சதுப்பு என்றும், புல்லுக்கடியில் ஆளை இழுக்கும் அளவுக்குத் தண்ணீர் நிற்கிறது என்றும் தெரிந்தது. ஒன்பது பேரும் பிழைத்தார்கள். சதுப்பைக் கடந்து, மலேரியாவில் விழுந்து எழுந்து, ஊர்மக்களின் உதவியோடு ஏறக்குறைய ஐந்து வாரம் கழித்து போர்ட் மோர்ஸ்பி போய்ச் சேர்ந்தார்கள். விமானம் அங்கேயே கிடந்தது.

1972-இல் ஆஸ்திரேலிய விமானப்படையின் ஹெலிகாப்டர் ஒன்றிலிருந்து அது மறுபடி கண்ணில் பட்டது. 'ஸ்வாம்ப் கோஸ்ட்' (சதுப்புப் பேய்) என்ற பெயர் அதன் பிறகு ஒட்டிக்கொண்டது. 2006-இல் பிரித்துத் தூக்கினார்கள். ஏற்றுமதி குறித்த சர்ச்சையில் லாயே துறைமுகத்தில் சில ஆண்டுகள் முடங்கி, 2010-இல் அமெரிக்கா போனது. 2013 முதல் பேர்ல் ஹார்பரில் உள்ள விமான அருங்காட்சியகத்தில் இருக்கிறது. வரிசை எண் 41-2446.

இந்த விமானத்தை டயோரமாவுக்கு, அதாவது சுற்றுப்புறத்தோடு சேர்த்துச் செய்யும் சிறு மாதிரிக் காட்சிக்கு, எடுத்துக்கொண்டதற்குக் காரணம் அதன் கதை மட்டும் இல்லை. 1941-இன் கடைசியில் சியாட்டில் போயிங் ஆலையிலிருந்து வந்த விமானம் இது. சில மாதங்கள்கூடச் சரியாகப் பறக்கவில்லை. ஆனால் 64 ஆண்டுகள் கிடந்திருக்கிறது. பறந்ததால் வந்த தேய்மானம் கொஞ்சம், கிடந்ததால் வந்தது மிச்சம் எல்லாம். கைவிடப்பட்ட விமானம் எப்படிப் பழசாகிறது என்பதை மட்டும் தனியாகப் பிரித்துப் பார்க்க இதைவிட நல்ல உதாரணம் கிடைப்பது கஷ்டம்.

கறை ஓடும் திசை

விமான மாடல் செய்கிறவர்கள் கறை போடப் பழகுவது பறக்கும் விமானங்களில்தான். அங்கே எல்லாம் முன்னிருந்து பின்னால் ஓடும். புகைபோக்கியின் கரி இறக்கையின் மேல் பின்னோக்கி நீளும். எண்ணெய்க் கசிவும் காற்றோடு பின்னால் இழுபடும். கை இதற்குப் பழகிவிட்டதால், கைவிடப்பட்ட விமானம் செய்யும்போதும் அதே கோடுகள் வந்துவிடுகின்றன, கொஞ்சம் துருவும் பாசியும் சேர்த்து. பார்த்தால் அழுக்கான விமானம் போலத்தான் இருக்கும். முப்பது வருடம் கிடந்த விமானம் போல இருக்காது.

தரையில் கிடக்கும் விமானத்துக்கு முன், பின் என்பதே கிடையாது. அதற்கு மேல், கீழ், நீர்மட்டம் என்ற மூன்றுதான். வெயில் மேலிருந்து வண்ணத்தை வெளிற வைக்கிறது. மழை புவியீர்ப்பு காட்டும் வழியில் நேர்கீழாக வழிகிறது. சதுப்பு நீர் பருவத்துக்குப் பருவம் ஏறி இறங்கி, கிடைமட்டமாகக் கோடு போடுகிறது. விமானம் எந்தக் கோணத்தில் சாய்ந்து கிடந்தாலும் இந்த மூன்றும் பூமியின் கணக்கில்தான் நடக்கும்.

இதை ஏற்றுக்கொண்டால் வேலையின் வரிசையே மாறிவிடும். சாதாரணமாக விமானத்தைக் கட்டி, வண்ணம் பூசி, அழுக்காக்கி, கடைசியில் அடித்தளத்தில் வைப்போம். இங்கே ஒட்டி முடித்ததும் முதல் வேலை அதைக் கிடத்துவது. எந்த இறக்கை எவ்வளவு தாழ்வு, மூக்கு எவ்வளவு அமிழ்வு என்று முடிவு செய்து, மூன்று குச்சிகள் வைத்த ஒரு தாங்கியில் அதே கோணத்தில் நிறுத்திவிட்டேன். அப்புறம் கழற்றுவதும் மாட்டுவதுமாக எத்தனை முறை கையில் எடுத்தாலும், அழுக்கு போடும்போது மட்டும் தாங்கியில் அந்தக் கோணத்தில்தான் இருக்க வேண்டும் என்பது விதி.

எந்த வருடம்?

கைவிடப்பட்ட விமானத்தின் படங்களைச் சேர்க்கும்போது பெரிய தொல்லை, அவை வெவ்வேறு காலத்தவை என்பது. இந்த விமானம் கண்டுபிடிக்கப்பட்டபோது இயந்திரத் துப்பாக்கிகள் தோட்டாக்களோடு அப்படியே இருந்தன. பிறகு வந்து போனவர்கள் ஒவ்வொன்றாகக் கழற்றிப் போனார்கள். ஆக, கண்ணாடி இல்லாத மேல் துப்பாக்கிக் கோபுரமும் துப்பாக்கி நீட்டிக்கொண்டிருக்கும் வாலும் ஒரே மாடலில் வந்தால் அது எந்த ஆண்டுக்கும் பொருந்தாத விமானம்.

தேதி எழுதாத படங்களை எது காணாமல் போயிருக்கிறது என்பதை வைத்தே வரிசைப்படுத்தலாம். ஒரு முறை போன பாகம் திரும்பி வராது. எந்தப் படத்தில் அதிகம் மிச்சம் இருக்கிறதோ அது முந்தியது. புல்லின் உயரத்தையும் நீர்மட்டத்தையும் வைத்து வரிசைப்படுத்தக் கூடாது, அவை பருவத்தைச் சொல்லும், ஆண்டைச் சொல்லாது.

நான் எடுத்துக்கொண்டது 1972, அதாவது மனிதக் கை மறுபடி படுவதற்கு முந்தைய நிலை. துப்பாக்கிகள் உண்டு. நடந்த தடம், கிறுக்கல், கழற்றிய ஓட்டை எதுவும் கிடையாது. தரையிறங்கியபோது புல்லைக் கிழித்துக்கொண்டு வந்த தடமும் கிடையாது. இதைப் பலர் யோசிப்பதில்லை. விழுந்த விமானம் என்றால் பின்னால் உழுத மண் இருக்க வேண்டும் என்று மனசு சொல்லும். ஆனால் ஈரச் சதுப்பில் முப்பது வருடத்தில் அந்தப் புல் எத்தனை தலைமுறை முளைத்திருக்கும்!

விமானி அறையில் எலும்புக்கூடு வைக்கும் பழக்கம் ஒன்று இந்தத் துறையில் இருக்கிறது. எனக்கு அது எப்போதுமே பிடிக்காது. இந்த விமானத்தில் அது பொய்யும்கூட. எல்லோரும் நடந்தே போய்விட்டார்கள். போவதற்கு முன் நார்டன் குண்டு இலக்குக் கருவியைக் கைத்துப்பாக்கியால் சுட்டுச் சிதைத்துச் சதுப்பில் வீசிவிட்டார்கள். அதனால் கிட்டில் (கடையில் வாங்கும் பிளாஸ்டிக் பாகங்களின் தொகுப்பில்) அந்தச் சிறு பாகம் இருந்தாலும் மூக்கில் அதை ஒட்டக் கூடாது.

கட்டுமானம்

பி-17இ-யின் இறக்கை நீளம் சுமார் 31.6 மீட்டர். 1/72-இல் அது 44 சென்டிமீட்டர். உடல் நீளம் 22.5 மீட்டர், மாடலில் 31 சென்டிமீட்டர். மேசையில் வைக்கத் தாங்கும் அளவு என்பதால் இதற்கு மேல் பெரிய அளவுக்குப் போகவில்லை.

வயிற்றுப் பகுதி பாதி தண்ணீருக்குள் என்பதால் ஒரு நிம்மதி உண்டு. இந்த வரிசை எண்ணில் வந்த ஆரம்பகால பி-17இ விமானங்களில் பின்னாளைய உருண்டைக் கோபுரம் கிடையாது. தூரத்திலிருந்து இயக்கும் வேறொரு வகைக் கோபுரம் இருந்தது. அதைச் சரியாகச் செய்யத் தனி வேலை பிடிக்கும். இங்கே நீர்மட்டத்துக்குக் கீழே போய்விடுவதால் உடலின் அடிப்பாகத்தை நீளமாக அறுத்தே எடுத்துவிடலாம். அறுக்கும் கோடு உடலுக்கு இணையாக இல்லாமல், கிடக்கும் கோணத்தில் இருக்க வேண்டும்.

நேரம் அதிகம் கேட்டது வால்தான். பி-17-இன் வாலில் அசையும் சுக்கான், எலிவேட்டர், இறக்கையின் பின்விளிம்பில் அசையும் ஐலரான் ஆகியவை துணி போர்த்திய பாகங்கள். முப்பது ஆண்டு வெப்பமண்டல வெயிலும் மழையும் பட்டால் துணி மிஞ்சாது, உள்ளே இருக்கும் விலா எலும்பு மாதிரியான சட்டங்கள் மட்டும் நிற்கும். கிட்டில் இவை கெட்டியான பிளாஸ்டிக். அவற்றை வெட்டி எடுத்துவிட்டு, 0.25 மில்லிமீட்டர் பிளாஸ்டிக் தாளில் விலா சட்டங்களை ஒவ்வொன்றாக நறுக்கி நிறுத்தினேன். முனை விளிம்புக்கு மெல்லிய செம்புக் கம்பி. சலிப்பான வேலை, ஆனால் மொத்த டயோரமாவில் 'கைவிடப்பட்டது' என்பதை முதலில் சொல்லும் இடம் இதுதான். உடல் முழுசாக இருக்கிறது, இறக்கை முழுசாக இருக்கிறது, அவற்றின் பின்விளிம்பு மட்டும் வெறும் சட்டமாக வானத்தைக் காட்டுகிறது. பி-17-இன் ஃபிளாப் (இறக்கையின் பின்விளிம்பில் கீழிறங்கும் தகடு) உலோகம் என்பதால் அது அப்படியே நிற்கும். துணி எது, உலோகம் எது என்று தெரியாமல் எல்லாவற்றையும் கிழித்துப் போட்ட மாடல்களைப் பார்த்தால் எனக்குக் கை பரபரக்கும்.

தடிமனும் ஒரு விஷயம். கிட்டின் பிளாஸ்டிக் ஒரு மில்லிமீட்டர் என்றால் நிஜ அளவில் அது 72 மில்லிமீட்டர் தகடு, கவச வண்டிக்கு உரியது. விளிம்பு வெளியே தெரியும் ஒவ்வோர் இடத்திலும் உள்பக்கமாகச் சுரண்டி, வெளிச்சம் கசியும் அளவுக்கு மெலிய வைக்க வேண்டும். துப்பாக்கிக் குண்டுத் துளையும் இதே கணக்குத்தான். ஜப்பானின் ஜீரோ போர் விமானத்தின் 7.7 மில்லிமீட்டர் குண்டு இந்த அளவில் 0.1 மில்லிமீட்டர். அதைத் துளைக்கவே முடியாது. ஊசிமுனையில் ஒரு கருப்புப் புள்ளி போதும். 20 மில்லிமீட்டர் பீரங்கிக் குண்டு கிட்டத்தட்ட 0.3 மில்லிமீட்டர், அதற்குத் துரப்பண ஊசி கிடைக்கிறது. உள்ளே போன இடத்தில் விளிம்பு உள்வாங்கியும் வெளியே வந்த இடத்தில் பிதுங்கியும் இருக்கும்.

புரொப்பெல்லர் இதழ்களைப் பற்றி ஒரு வார்த்தை. இஞ்சின் ஓடிக்கொண்டிருக்கும்போது வயிற்றால் இறங்கினால் சுற்றுகிற மூன்று இதழ்களும் வளையும். நின்றுவிட்ட இஞ்சினில் அந்த நேரம் கீழே இருந்த இதழ் மட்டும் மடங்கும், மற்ற இரண்டும் நேராக நிற்கும். நான்கு இஞ்சினிலும் மூன்று இதழையும் வளைத்தால் நான்கும் ஓடிக்கொண்டிருந்தன என்று சொல்கிறீர்கள். அதைத் தெரிந்தே செய்ய வேண்டும். லேசாகச் சூடு காட்டி, வேரிலிருந்து அல்லாமல் நுனிப்பக்கமாக வளைத்தால் நம்பும்படி இருக்கும்.

உலோகமும் வண்ணமும்

அலுமினியம் துருப்பிடிக்காது. இந்த ஒரு வாக்கியத்தை மனதில் வைத்துக்கொண்டால் பாதி மாடல்கள் பிழைத்துவிடும். அந்தக் காலத்து விமானத் தகடு வலுவான அலுமினியக் கலவையின் இரு பக்கமும் சுத்தமான அலுமினியத்தை மெல்லிய படலமாக உருட்டி ஒட்டியது. வண்ணம் போன பிறகு அந்தப் படலம் மங்கிச் சாம்பல் பூக்கும், அங்கங்கே வெள்ளைப் பொடி கட்டும், அவ்வளவுதான். செம்பழுப்புத் துரு வருவது எஃகில் மட்டும்: துப்பாக்கிக் குழல், இஞ்சின் சிலிண்டர், புகைக்குழாய், அங்கங்கே சில திருகாணி. அவற்றிலிருந்து மழைநீர் இழுத்துக்கொண்டு வரும் பழுப்புக் கோடு அலுமினியத்தின் மேல் விழலாம். அதைத் தவிர உடலில் செம்பழுப்பு வந்தால் அது இரும்புக் கப்பல்.

அதனால் முதல் பூச்சு அலுமினியம். பளபளப்பு இல்லாத, மூன்று நான்கு சாயலில் தகடு தகடாக மாறும் அலுமினியம். அதன் மேல் காக்கும் வார்னிஷ், அதன் மேல் ஹேர் ஸ்ப்ரே, அதன் மேல் அக்ரிலிக் வண்ணம். மேலே ஆலிவ் பச்சை, கீழே நடுச் சாம்பல். பிறகு தூரிகையைத் தண்ணீரில் நனைத்துத் தேய்த்தால் ஹேர் ஸ்ப்ரே இளகி வண்ணம் செதில் செதிலாக உரியும்.

எங்கே உரிக்க வேண்டும்? பறக்கும் விமானத்தில் இறக்கையின் முன்விளிம்பும் ஆள் ஏறும் இடமும் உரியும். இங்கே அவை முக்கியம் இல்லை. சதுப்பு இருப்பது தெற்கு அட்சரேகை 9 பாகைக்கு அருகில்; சூரியன் கிட்டத்தட்ட உச்சியிலேயே போகும். ஆகவே இடப்பக்கம், வலப்பக்கம் என்று பெரிய வித்தியாசம் இருக்காது. வானத்தைப் பார்க்கும் எல்லாப் பரப்பும் வெளிறும், இறக்கையின் மேல்புறமும் உடலின் முதுகும்தான் அதிகம். செங்குத்தான பக்கங்களில் பச்சை தங்கும், கீழ்நோக்கிய சாம்பல் கிட்டத்தட்டப் புதுசாகவே இருக்கும். ஒரே விமானத்தில் மூன்று வயது.

நட்சத்திரச் சின்னத்துக்கு ஸ்டிக்கர் பயன்படுத்தவில்லை. ஸ்டிக்கர் உரியாது, சுற்றிலும் வண்ணம் உதிர்ந்திருக்க அது மட்டும் முழுசாக நிற்கும். ஹேர் ஸ்ப்ரே பூச்சின் மேலேயே மறைப்புத் தாள் வெட்டி வைத்துச் சின்னத்தைத் தெளித்தால் அதுவும் சேர்ந்து உரியும். நட்சத்திரத்தின் நடுவில் சிவப்பு வட்டம் இருக்க வேண்டும். அமெரிக்கர்கள் அதை நீக்கியது 1942 மே மாதத்தில், இந்த விமானம் அதற்கு முன்பே விழுந்துவிட்டது. சிவப்பை இளஞ்சிவப்பாக வெளிற வைத்தேன்.

உள்ளே எல்லாவற்றையும் மஞ்சள் பச்சை பூசிவிடும் வழக்கம் ஒன்று உண்டு. பி-17-இன் பின்னுடல் உட்புறம் பெரும்பாலும் வண்ணம் பூசாத அலுமினியம். பக்கவாட்டுச் சன்னல் வழியாகக் கொஞ்சம்தான் தெரியும், இருந்தாலும் அந்தக் கொஞ்சம் சரியாக இருக்கட்டும்.

மழைக் கோடுகளை எண்ணெய் வண்ணத்தில் இழுத்தேன், தாங்கியில் வைத்து, நேர்கீழாக. உடல் சாய்ந்திருப்பதால் அவை தகட்டு இணைப்புகளைச் சாய்வாக வெட்டிக்கொண்டு போகும். அது முதலில் கண்ணை உறுத்தும், விட்டுவிட வேண்டும். இறக்கைகள் நுனியில் சற்று மேல்நோக்கிய அமைப்பு என்பதால் மழைநீர் உடலை நோக்கி ஓடி, இறக்கை வேரில் தேங்கும். சருகும் பாசியும் சேற்றுப் பொடியும் கட்டுவது அங்கேதான். நுனி சுத்தமாக இருக்கும்.

நீர்மட்டக் கோடு போட ஒரு பென்சிலை மரக்கட்டையில் கிடையாகக் கட்டி, தாங்கியைச் சுற்றி மேசையில் நகர்த்தினால் போதும். எந்த வளைவிலும் சரியான கிடைக்கோடு விழும். கட்டையின் உயரத்தை மாற்றி மாற்றி மூன்று கோடுகள். மேலே உள்ளது மங்கல், கீழே போகப் போகப் பச்சை கூடும்.

தண்ணீரும் புல்லும்

நாலைந்து அடி ஆழம் 1/72-இல் 17 முதல் 21 மில்லிமீட்டர் வரும். தண்ணீருக்காக ஊற்றும் ரெசின் (ஊற்றினால் இறுகும் தெளிவான பிசின்) அவ்வளவு தேவையே இல்லை. சதுப்பு நீர் தேநீர் நிறம், கையளவு ஆழத்துக்கு மேல் எதுவும் தெரியாது. அடித்தளத்தைக் கருப்புப் பழுப்பில் பூசி, விளிம்புகளில் மட்டும் சற்று வெளுப்பாக்கி, அதன் மேல் எட்டு மில்லிமீட்டர் எபாக்ஸி ரெசின் போதும். அதையும் ஒரே தடவையில் ஊற்றக் கூடாது. ரெசின் இறுகும்போது சூடாகும். கனமாக ஊற்றினால் சூடு கூடி மெல்லிய பிளாஸ்டிக் வளையும். இரண்டு மூன்று மில்லிமீட்டராக, ஒவ்வொன்றும் இறுகிய பிறகு அடுத்தது. பழுப்புச் சாயத்தை அடி அடுக்கில் அதிகமாகவும் மேல் அடுக்கில் துளியாகவும் சேர்த்தால் ஆழம் தானாக வரும்.

ரெசினோடு தீராத சண்டை ஒன்று: அது விமானத்தின் பக்கத்தையும் புல் தண்டையும் பிடித்துக்கொண்டு மேலேறும். ஒரு மில்லிமீட்டர் ஏறினாலும் நிஜத்தில் ஏழு சென்டிமீட்டர் உயரத் தண்ணீர் சுவரில் ஒட்டிய கணக்கு. இறுகிய பிறகு அந்த ஏற்றத்தின் பளபளப்பை மினுக்கு இல்லாத வார்னிஷால் கொன்று, அதன் மேல் பாசிப்பொடி போடுவதுதான் வழி. கண் அதை ஈரம் ஊறிய ஓரம் என்று எடுத்துக்கொள்கிறது. வழவழப்பாகப் பளபளக்கும் தண்ணீர்ப் பரப்பும் பொய்தான். நிற்கும் சதுப்பில் மிதக்கும் மட்கிய புல்லும் பாசிப்படலமும் பாதிக்கு மேல் மூடியிருக்கும். தண்ணீர் தெரிகிற இடங்களை உடலருகில் மட்டும் வைத்தேன்.

புல்லில் அளவு முக்கியம். குனாய் புல் ஆளுயரம் வளரும். இரண்டு மீட்டர் என்றால் மாடலில் 28 மில்லிமீட்டர். டயோரமாவுக்கென்று விற்கும் நிலைமின் புல் (நிலைமின்சாரத்தால் நிமிர்த்தி ஒட்டும் செயற்கை நார்) பெரும்பாலும் 12 மில்லிமீட்டருக்குள் இருக்கும், அது நிஜத்தில் 86 சென்டிமீட்டர், இடுப்புக்குக்கூட எட்டாது. ஆகவே சணல் கயிற்றைப் பிரித்து, நார்களைக் கொத்தாக நறுக்கி, அடியில் பச்சையும் நுனியில் வைக்கோல் நிறமுமாகச் சாயம் ஏற்றி நட்டேன். நிலைமின் புல்லை அடர்த்தி நிரப்ப இடையில் பயன்படுத்தலாம். எல்லாம் ஒரே உயரத்தில் நின்றால் தூரிகை மாதிரி ஆகிவிடும். சாய்ந்தது, ஒடிந்தது, போன வருடத்துக் காய்ந்தது எல்லாம் கலக்க வேண்டும்.

புல் எங்கே இருக்கக் கூடாது என்பது எங்கே நட வேண்டும் என்பதைவிட முக்கியம். இறக்கைக்கு அடியில் வெளிச்சம் இல்லை, அங்கே சோகையாக நாலு தண்டு, மிச்சம் கரும் தண்ணீர். இறக்கையின் விளிம்பை ஒட்டி அடர்த்தியான வேலி. துணி போன எலிவேட்டர் சட்டங்களின் இடைவெளி வழியாக ஓரிரு தண்டுகள் மேலே வரலாம். உலோகத்தைத் துளைத்துக்கொண்டு வரக் கூடாது.

இதே விமானம் பாலைவனத்தில் விழுந்திருந்தால் கணக்கு முழுக்க மாறியிருக்கும். 1943-இல் லிபியப் பாலைவனத்தில் விழுந்து 1958-இல் கண்டுபிடிக்கப்பட்ட 'லேடி பி குட்' என்ற பி-24, 2012-இல் எகிப்தில் கிடைத்த கிட்டிஹாக் போர் விமானம் ஆகிய இரண்டும் கிடந்தது மணலில். அங்கே மழைக்கோடும் நீர்மட்டமும் இல்லை. காற்றில் பறக்கும் மணல் தேய்க்கும். எந்தப் பக்கம் காற்றை வாங்குகிறதோ அந்தப் பக்கம் வண்ணம் போய் உலோகம் தெரியும், மறைவான பக்கத்தில் வண்ணம் நிற்கும். விமானத்தை எந்தத் திசையில் கிடத்துகிறோம் என்பதுதான் அங்கே முதல் முடிவு.

பார்வைக் கோணம்

அடித்தளம் 50க்கு 42 சென்டிமீட்டர். விமானத்தின் நீள அச்சு எந்த விளிம்புக்கும் இணையாக இல்லாமல் குறுக்காக வைத்தேன். ஓர் இறக்கை நுனி மூலையை நெருங்கும், வால் அடுத்த மூலைப் பக்கம் புல்லுக்குள் போகும். மேலிருந்து பார்த்தால் விமானம் முழுசாகத் தெரியும், 1972-இல் ஹெலிகாப்டரிலிருந்து தெரிந்த மாதிரி. கண் மட்டத்தில் குனிந்தால் புல்லுக்கு மேலே செங்குத்து வாலும் இஞ்சின்களின் மேல் விளிம்பும் மட்டும்தான். இரண்டில் எது முதல் பார்வை என்பதை வைக்கும் மேசையின் உயரம் முடிவு செய்கிறது. எனக்கு மேலிருந்து பார்ப்பது பிடிக்கும், அதனால் தாழ்ந்த மேசை.

இடையிடையே செல்போனில் கறுப்பு வெள்ளைப் படம் எடுத்துப் பார்ப்பது உதவும். நிறம் போனதும் விமானமும் புல்லும் ஒரே சாம்பலாகக் கலந்தால் வெளிறல் போதவில்லை என்று அர்த்தம். இறக்கையின் மேல்புறம் படத்திலேயே மிக வெளுத்த பரப்பாக இருக்கும் வரை மெல்லிய சாம்பல் வெள்ளைப் பூச்சு ஏற்றிக்கொண்டே போனேன்.

சணல் நார் தூசியை வாரிக்கொள்ளும், துடைக்கவும் முடியாது. மூடி இல்லாமல் இந்த வகை டயோரமா வைக்கக் கூடாது. எபாக்ஸி ரெசின் வெயில் பட்டால் மஞ்சளாகும். இங்கே தண்ணீரே பழுப்பு என்பதால் அதைப் பற்றிக் கவலை இல்லை, ஆனால் விமானி அறைக் கண்ணாடியை ஒட்ட எபாக்ஸி பயன்படுத்தியிருந்தால் சன்னலோரம் வைக்க வேண்டாம்.